சாவி யார் கையில்? வீட்டு ஆயுதமும் வீட்டு நஞ்சும்

தற்கொலையைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் காரணத்தைத் தேடிப் புறப்படுவதே நம்மவர் வழக்கமாக இருந்து வருகிறது. கடன் தொல்லையா, காதல் முறிவா, புருஷனுடைய குடியா, தீராத நோயா, பரீட்சையில் தோல்வியா என்று அண்டை அயலார் விசாரிக்கிறார்கள். பத்திரிகைகளும் அதையே விசாரித்து, ஏதேனும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துத் தலைப்பாகப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. மனிதத் துயரம் அவ்வளவு சுலபமாக ஒரு சொல்லில் அடங்குவதன்று என்பது ஒருபுறமிருக்க, இந்த விசாரணையில் அடியோடு விடுபட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. அந்த மனிதர் நிலைகுலைந்து நின்ற வேளையில், அவருடைய வீட்டில், அவர் கைக்கு எட்டும்படியாக என்ன இருந்தது? காரணங்களை அகற்றத் தலைமுறைகள் வேண்டும், கைக்கெட்டும் பொருளை அகற்ற ஒரு பூட்டோ ஒரு சட்டமோ போதும் என்று சொல்கிற ஒரு சாரார் இன்று வைத்திய உலகில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது எவ்வளவு தூரம் உண்மை, எந்தப் பூட்டு, எந்தச் சட்டம், அவை கீழ்ப்பேராக்கில் ஆற்றோரம் கிடக்கும் தெலுக் இந்தான் போன்றதோர் ஊருக்கு எவ்வகையில் பொருந்தும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கேள்வி மிக உரத்த குரலில் விவாதிக்கப்படும் தேசம் அமெரிக்கா. அங்கே நிகழும் தற்கொலைகளில் பாதிக்கு மேற்பட்டவை துப்பாக்கியால் நிகழ்பவை. துப்பாக்கியால் மடிகிறவர்களின் மொத்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், பிறர் கையால் கொலையுண்டவர்களைவிடத் தம் கையாலேயே மாண்டவர்கள் தொகைதான் பெரிது. 1992-இல் ஆர்தர் கெல்லர்மன் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் டென்னஸி, வாஷிங்டன் ஆகிய மாநிலங்களின் இரண்டு மாவட்டங்களில் நடத்திய ஆராய்ச்சி, துப்பாக்கி உள்ள வீட்டில் தற்கொலை நேரும் அபாயம் அஃது இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று காட்டிற்று. திருடனுக்கு அஞ்சி வாங்கி வைத்த ஆயுதத்துக்குத் திருடன் இரையாவது அபூர்வமாகவும், வீட்டு மனிதர் இரையாவது சகஜமாகவும் இருப்பதை அந்தத் தேசத்தார் இன்னும் முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளவில்லை. ஆயுதம் வைத்திருப்பது அவர்களுடைய அரசியல் சாசனமே அளித்த உரிமையாதலால், அதைப் பிடுங்குவதைப் பற்றிப் பேசாமல், பூட்டி வைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி நான்கு வழக்கங்களைப் பிரித்து எடுத்துச் சோதித்தது. துப்பாக்கியைப் பூட்டி வைத்தல், ரவை ஏற்றாமல் வைத்தல், ரவையைப் பூட்டி வைத்தல், ரவையையும் துப்பாக்கியையும் வெவ்வேறிடத்தில் வைத்தல் ஆகிய நான்கில் ஒவ்வொன்றுமே இருபது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தற்கொலையும் தவறுதலான விபத்தும் குறைந்திருப்பதோடு தொடர்பு கொண்டிருந்தது. 'பிள்ளைகள்' என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது பின்னால் விளங்கும்.

சாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட மனிதனை ஒரு பூட்டா தடுக்கப்போகிறது, இதை எடுத்துவிட்டால் அவன் வேறொன்றைத் தேடிக்கொள்ள மாட்டானா என்னும் ஆட்சேபம் இங்கே எவருக்கும் எழும். ஆட்சேபம் நியாயமானதுதான், ஆனால் அதன் அடியில் ஓர் ஊகம் ஒளிந்து கிடக்கிறது. தற்கொலை என்பது நெடுநாள் ஆலோசித்து எடுத்த, இனி மாறாத ஒரு தீர்மானம் என்பதே அந்த ஊகம். அநுபவம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்தில், மரணத்தின் வாசல்வரை சென்று பிழைத்து மீண்ட இளவயதினரைக் கேட்டு 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், எண்ணம் உறுதிப்பட்டதற்கும் செயலுக்கும் இடையே ஐந்து நிமிஷங்கூடக் கடக்கவில்லை என்றார்கள். ஸான்பிரான்ஸிஸ்கோ பாலத்தில் உயிரை விட வந்து, பிறரால் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைப் பல்லாண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்த ரிச்சர்ட் ஸைடன் என்பார், அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் உயிரோடிருப்பதையோ, இயற்கையாகவே காலமாகியிருப்பதையோ கண்டு 1978-இல் எழுதினார். அன்று தடுக்கப்பட்டவர்கள் மறுநாள் வேறு வழி தேடி ஓடவில்லை. அந்தக் கொடிய வேளை வந்தது போலவே போய்விட்டது. அதன் பிறகு அவர்கள் மணம் செய்துகொண்டார்கள், வேலை பார்த்தார்கள், நம்மைப் போலவே முதுமை எய்தினார்கள்.

இங்கிலாந்து இதை ஒருவரும் திட்டமிடாமலே சோதித்துப் பார்த்தது. 1960-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அந்நாட்டின் அடுப்பங்கரைகளில் எரிந்துகொண்டிருந்த நிலக்கரி வாயு, அங்கு நிகழ்ந்த தற்கொலைகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காரணமாயிருந்தது. செலவைக் குறைப்பதற்காகவே அந்த வாயுவின் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். பின்னர் கடலடியிலிருந்து கிடைத்த இயற்கை வாயு அதன் இடத்தைப் பிடித்தது. உயிர் காக்க வேண்டும் என்னும் நோக்கம் அதில் எள்ளளவும் இல்லை. ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-இல் 5,714 ஆக இருந்த தற்கொலைகள் 1975-இல் 3,693 ஆகக் குறைந்தன. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஆங்கிலேயரின் கவலைகள் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லவில்லை; வேலையில்லாத் திண்டாட்டங்கூட அப்போது ஏறுமுகமாகத்தான் இருந்தது. கையருகே இருந்த ஒன்று போய்விட்டது. அதன் இடத்தை வேறொன்று முழுவதுமாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

இஸ்ரேல் தேசத்துப் படையில் இதே விஷயம் இன்னும் தெளிவாக விளங்கிற்று. அங்கே கட்டாயச் சேவையில் இருக்கும் இளைஞர்கள் வார விடுமுறைக்கு வீடு செல்லும்போது துப்பாக்கியையும் எடுத்துச் செல்வது வழக்கமாயிருந்தது. 2006-இல் அதைப் பாசறையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதன் பின் அவர்களிடையே தற்கொலை நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது; அந்தக் குறைவு பெரும்பாலும் விடுமுறை நாட்களில்தான் காணப்பட்டது; வாரநாட்களில் கணக்கு ஏறத்தாழ முன்போலவே நின்றது. ஸ்விட்ஸர்லாந்து 2003-இல் தன் படையைப் பாதியாகக் குறைத்தபோது, வீடுகளில் கிடந்த படைத் துப்பாக்கிகளும் குறைந்தன; படைவயது ஆடவரிடையே துப்பாக்கித் தற்கொலை இறங்கியது. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறு வழிகளுக்கு மாறியது என்பதையும் ஆராய்ச்சியாளர் மறைக்கவில்லை. ஆக, ஆட்சேபம் முழுப் பொய்யன்று. ஐந்தில் ஒரு பங்கு மெய். மிச்சமுள்ள நாலு பங்கும் காப்பாற்றப்பட்ட உயிர்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். தெலுக் ஆன்சன் என்று வழங்கிய காலத்தில் இந்த வட்டாரத்துத் தோட்டங்களும் துப்பாக்கியைக் கண்டவைதாம். 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16-ஆம் தேதி பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாயிற்று. 1960 ஜூலை முடியும்வரை அது நீடித்தது. துரைமார் பங்களாவில் ரிவால்வரும், தோட்டத்து வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் துப்பாக்கியும் அக்காலத்துச் சாதாரணக் காட்சிகள். ஆனால் அவசரகாலம் முடிந்த வருஷத்திலேயே இயற்றப்பட்ட ஆயுதச் சட்டமும், 1971-இல் வந்த கடுந்தண்டனைச் சட்டமும் சேர்ந்து, தனிமனிதன் வீட்டில் துப்பாக்கி இருப்பதை இந்நாட்டில் அரிதினும் அரிதாக்கிவிட்டன. காட்டுப்பன்றி விரட்டக் குடியானவர் வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கி சிலவும், ரேலா தொண்டர்களிடம் இருந்தவை சிலவும், போலீஸ் அனுமதியோடு மட்டுமே வழங்கியவை. எனவே துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றிய அமெரிக்க விவாதத்தை அப்படியே எடுத்து வந்து தெலுக் இந்தான் வாசகர் முன் வைத்தால், அஃது அயலூர்ச் சண்டையாகவே அவருக்குத் தோன்றும். நம் வீடுகளில் துப்பாக்கி இருந்த இடத்தில், அதைவிடச் சுலபமாக, அதைவிட மலிவாக, எவர் அனுமதியும் இன்றி வந்து உட்கார்ந்துகொண்டது வேறொன்று. அது புல் மருந்து.

தோட்டப்புறத்தை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட காலந்தொட்டு, புல்வெட்டுக் கத்தியின் இடத்தை முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பம்பைச் சுமந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். டேன் தேசத்தவரான ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா முதலாக, உத்தான் மெலிந்தாங், லங்காப், பாகான் டத்தோ வரையில் பரந்து கிடக்கும் தோட்டங்களிலும், அவற்றின் ஓரங்களில் அரை ஏக்கர் ஓர் ஏக்கர் என்று சொந்தமாகச் செம்பனை வைத்திருப்போர் வீடுகளிலும், களைக்கொல்லி என்பது மண்வெட்டியைப் போல அன்றாடப் பொருளாயிற்று. ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார் 1991-இல் தோற்றுவித்த தெனாகானித்தா, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு ஸ்தாபனத்தோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, மருந்தடிக்கும் பெண்களுடைய தோலிலும் கண்ணிலும் நகத்திலும் அது செய்த கொடுமைகளை உலகுக்கு எடுத்துக் காட்டியது. அந்த அறிக்கையின் கவனம் வேலையால் வரும் கேட்டின் மீது, அது நியாயமே. எனினும் வேலை முடிந்த பிறகு அந்த மருந்து எங்கே வைக்கப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி.

தோட்டத்து மருந்து தோட்டத்து ஸ்டோரில் இருக்க வேண்டும். கிராணியோ மண்டோரோ அளந்து கொடுக்க வேண்டும். மீந்தது ஸ்டோருக்கே திரும்ப வேண்டும். இதுவே முறை. கட்டுப்பாடு தளர்ந்த இடங்களில் மீந்தது குளிர்பானப் போத்தலில் லயத்து வீட்டுக்கு வந்தது. சமையற்கட்டின் மூலையிலோ குளிப்பறையின் திண்டிலோ இடம் பிடித்தது. அறை ஒன்றும் கூடம் ஒன்றுமாகக் கட்டிய லயத்து வீட்டில் பூட்டத்தக்க அலமாரி எங்கிருந்து வரும்? தாகத்துக்கு வந்த பிள்ளைகள் நீரென்று எண்ணி எடுத்துக் குடித்த விபரீதங்கள் ஒருபுறம். புருஷனும் மனைவியும் வாய்த்தர்க்கம் செய்த இரவில், சம்சுவின் மயக்கத்தில், அவமானத்தின் உச்சியில் கைக்கு எட்டியதாக அது அங்கே இருந்தது மறுபுறம். தப்பா ரோட்டிலிருந்து மலையேறினால் வரும் கேமரன் மலையில் இதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர் டி. மணியம் என்னும் மனநோய் வைத்தியர். 1988-இல் பிரிட்டிஷ் மனநோய் வைத்திய சஞ்சிகையில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, அந்த மலையில் இந்தியரிடையே தற்கொலை விகிதாசாரம் மிகுந்திருப்பதையும், வேளாண்மை நஞ்சே அதற்குக் கருவியாயிருப்பதையும் வெளிப்படுத்தியது. மலேசிய ஜனத்தொகையில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கும் நம்மவர், இந்தத் துர்மரணக் கணக்கில் மட்டும் தம் தொகைக்கு மிஞ்சிய இடம் பெற்றிருப்பதைப் பின்வந்த ஆய்வுகளும் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தின. இதற்கு இந்தியர் மனம் பலவீனமானது என்று விளக்கம் சொன்னவர்களும் உண்டு. வறுமையும், வேரறுந்த வாழ்வும், கையருகே எந்நேரமும் காத்திருந்த நஞ்சும் ஓரினத்தின்மீது சேர்ந்து விழுந்தால் என்ன ஆகும் என்று கேளாமல், மனத்தின்மீது பழிபோடுவது சோம்பேறித்தனமான சாஸ்திரம் என்பதே என் அபிப்பிராயம்.

ராஜாங்கம் சும்மா இருந்ததென்று சொல்வதற்கில்லை. 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் உண்டு. விற்பவர் உரிமம் பெறவும், விற்பனைக்காக எப்படிச் சேமித்து வைக்க வேண்டும் என்பதற்கும் 1988-இல் விதிகள் வகுத்தார்கள். கடைக்கு விதி உண்டு. கடையில் சில்லறையாக வாங்கிச் செல்லும் சிறுதோட்டக்காரர் வீட்டுக்குள் அந்த விதியின் கை நீளுவது அரிது. மிகக் கொடிய களைக்கொல்லியாகிய பாராகுவாட்டைத் தடைசெய்வதாக 2002-இல் பூச்சிமருந்து வாரியம் அறிவித்தது. செலவு கூடிவிடும், மாற்று மருந்து போதாது என்று தோட்டத் தொழிலார் முறையிட்டதன் பின்னர் 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. மீண்டும் தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில்தான். நடுவே போன வருஷங்கள் எத்தனை உயிரை விழுங்கின என்று கணக்கிடுவார் இல்லை.

தடைக்கு முன்னும் பின்னும், உலகெங்கும் நல்லெண்ணம் படைத்த பலர் மனத்தில் தோன்றிய யோசனை ஒன்று உண்டு. மருந்து விவசாயிக்கு வேண்டும். ஆகவே அதை எடுத்துவிடாமல், துப்பாக்கிக்குச் செய்வது போலவே, அதற்கொரு பூட்டுள்ள பெட்டி கொடுத்தால் என்ன? இலங்கையின் வடமத்திய மாகாணத்தில், அநுராதபுர மாவட்டத்தில், இதைப் பெரும் அளவில் சோதித்துப் பார்த்தார்கள். 180 கிராமங்கள், 53,000-க்கு மேற்பட்ட வீடுகள், 2,20,000-க்கு மேற்பட்ட மக்கள். பாதிக் கிராமங்களில் விவசாயம் செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் பூட்டத்தக்க பெட்டி கொடுத்தார்கள். மீதிக் கிராமங்களுக்குக் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் கணக்கெடுத்து, 2017-இல் லான்செட் சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்கும் நஞ்சருந்துதலில் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை. பெட்டி தோற்றது.

இந்தத் தோல்வியைச் சிலர் பூட்டு என்னும் உபாயத்தின் தோல்வியாகவே கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்க ஆராய்ச்சியில் பூட்டு பலித்தது யாரிடம்? சாவி பெற்றோரிடம் இருக்க, பூட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகளிடம். இஸ்ரேலில் பூட்டு பலித்தது ஏன்? துப்பாக்கி பாசறையில், வீடு பல மைலுக்கு அப்பால். அநுராதபுரத்திலோ பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருந்தன. மனமுடைந்தவர் அநேக சமயங்களில் அந்தச் சாவிக்கே உடையவர், அல்லது சாவி தொங்கும் ஆணியை அறிந்தவர். தன் சாவியால் தன் பூட்டைத் திறக்க அரை நிமிஷம் போதும்; ஐந்து நிமிஷ ஆவேசத்தை அரை நிமிஷத் தாமதம் அணைக்காது. சாவி இன்னொருவர் கையில் இருக்க வேண்டும், அல்லது பொருள் தொலைவில் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாத பூட்டு, வைத்தவரின் மனச்சாந்திக்கு மட்டுமே உதவும்.

இதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சிறு முயற்சி வேறு வழியில் உணர்த்துகிறது. வைத்தியர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவிய ஸ்நேஹா ஸ்தாபனத்தார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், பூ விவசாயம் செய்வதால் வருஷம் முழுவதும் மருந்து புழங்கும் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டுக்கு வீடு பெட்டி கொடுக்காமல், ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம் எழுப்பி, பாங்குகளில் நகை வைக்கும் லாக்கரைப் போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் அறை ஒதுக்கி, அதைக் கண்காணிக்க ஆட்களையும் அமர்த்தினார்கள். மருந்து வேண்டுமானால் அங்கே நடந்து சென்று, இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்து, எடுத்து வரவேண்டும். 2013-இல் வெளிவந்த அறிக்கை, ஒப்பீட்டுக் கிராமங்களைக் காட்டிலும் இந்தக் கிராமங்களில் நஞ்சருந்துதல் அதிகம் குறைந்ததாகக் கூறிற்று. இரண்டு கிராமத்தைக் கொண்டு உலகத்துக்குச் சட்டம் எழுத முடியாது என்பதை அவர்களே அறிவார்கள். ஆயினும் இந்த ஏற்பாட்டில் உள்ள சூட்சுமம் என்னைக் கவர்கிறது. அங்கே ஆவேசத்துக்கும் செயலுக்கும் நடுவே ஒரு தெருவும், ஓர் அந்தி நேரமும், 'என்னப்பா, இந்நேரத்தில் வந்தாய்?' என்று கேட்கக்கூடிய ஒரு வாயும் வந்து நிற்கின்றன.

இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது பூட்டே வேண்டாத உபாயம். இலங்கையில் 1950 முதல் ஏறிக்கொண்டே போன தற்கொலை விகிதாசாரம் 1995-இல் லட்சத்துக்கு 47 என்னும் உச்சியை எட்டியது. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று அது. 1984-இல் தொடங்கி, 1995-இலும் 1998-இலும், பின்னர் 2008-க்கும் 2011-க்கும் இடையிலும், மிகக் கொடிய நஞ்சுகளை அந்நாட்டு அதிகாரிகள் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து அகற்றினார்கள். 2005-க்குள் விகிதாசாரம் பாதியாயிற்று. முந்திய பத்தாண்டோடு ஒப்பிட்டால், 1996 முதல் 2005 வரையில் 19,769 தற்கொலைகள் குறைந்தன. அதன் பின்னும் இறக்கம் தொடர்ந்தது. இந்தக் காலத்தில் அத்தேசம் உள்நாட்டு யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் கண்டது என்பதை நினைவிற்கொண்டால், துக்கம் குறைந்ததால் சாவு குறைந்தது என்று வாதிட எவருக்கும் துணிவு வராது. விளைச்சல் வீழ்ந்துவிடும் என்ற பயமுறுத்தலும் பலிக்கவில்லை. 2021-இல் ரசாயன உரங்களையும் மருந்துகளையும் ஒரே நாளில் ஒட்டுமொத்தமாகத் தடுத்து அந்நாடு நெல்லை இழந்த கதையை இதோடு சிலர் குழப்புகிறார்கள். அது அரசியல் அவசரம். இது, எது கொல்கிறதோ அதை மட்டும் ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்துப் பொறுக்கியெடுத்த நிதானம். தென்கொரியாவும் 2012-இல் பாராகுவாட் விற்பனையை நிறுத்தி அதே பலனைக் கண்டது. கேரளம் 2011-இல் கொடிய மருந்துகள் பலவற்றை விலக்கியது. தமிழக அரசு ஆறு மருந்துகளைத் தற்கொலைத் தடுப்பின் பொருட்டே 60 நாட்களுக்கு மட்டும் தடைசெய்தது. அறுபது நாள் தடை என்பது, நோயை அறிந்தும் மருந்தளிக்க மனம் துணியாத வைத்தியம்.

இந்த ஆராய்ச்சியில் சட்டத்தின் இன்னொரு முகத்தையும் தொட்டாக வேண்டும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கி ஓராண்டுவரை சிறைக்கனுப்ப இடமளித்த 309-ஆம் பிரிவு, வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் வழியாக இங்கு வந்தது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1961-இலேயே மாற்றிக்கொண்டது. இலங்கை 1998-இலும், சிங்கப்பூர் 2020-இலும் விலக்கின. இந்தியா 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தால் அதன் பல்லைப் பிடுங்கியது. மலேசியா 2023-இல்தான் அதை நீக்கியது. அதுவரையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீஸ் வரும் என்ற அச்சம், காப்பாற்றியிருக்கக்கூடிய எத்தனையோ மணிநேரத்தைத் தின்றிருக்கிறது. அந்தப் பிரிவு இன்று இல்லை என்பது தோட்டப்புறத்தில் பல குடும்பங்களுக்கு இன்னும் எட்டவில்லை. நேரங்கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதால் எவர்மீதும் வழக்கு வராது என்பதை ஆலயக் கூட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் சங்கங்களின் கடமை.

இன்றைய தெலுக் இந்தானில் நிலைமை என்ன? தோட்டங்களில் மருந்தடிக்கும் வேலை இப்போது பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர் கைக்குப் போய்விட்டது. லயத்தை விட்டு வெளியேறிய நம்மவர் பட்டணத்தின் விளிம்பில் மலிவு விலை வீடுகளில் குடியேறிவிட்டார்கள். மிகக் கொடியது சட்டப்படி போயிற்று. எனினும் வேறு களைக்கொல்லிகளும் பூச்சிக்கொல்லிகளும் கடைகளில் இருக்கின்றன. பழைய சரக்கு மிச்சம் எந்தக் கொட்டகையில் கிடக்கிறதோ தெரியாது. சிறுதோட்டக்காரர் தம் மருந்தை வீட்டில் வைக்காமல், தோட்டத்துக் கொட்டகையில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் ஒப்படைப்பது பெரிய காரியமன்று. ஒரு பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கினால் சேமிப்பே தேவையில்லை. ஒரே கம்பத்தில் ஐந்தாறு பேர் செம்பனை வைத்திருந்தால், காட்டுமன்னார்கோயிலார் செய்தது போலப் பொது ஸ்டோர் ஒன்று வைத்துக்கொள்ளக் கூட்டுறவுச் சங்கம் உதவலாம். வீட்டில் ஒருவர் மனம் தளர்ந்து, பேச்சைக் குறைத்து, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லது' என்னும் பாணியில் பேசத் தொடங்கினால், மருந்து மட்டுமல்ல, மிகுதியாக வாங்கி வைத்த மாத்திரைகளும் அன்றே வேறு கைக்கு மாற வேண்டும். அவரிடம் நேராகவே கேட்டுவிடலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்று அஞ்சுவது தவறு என்றே மனநோய் வைத்தியர்கள் சொல்கிறார்கள். கேட்கப்பட்டவர்களில் அநேகருக்கு அந்தக் கேள்வியே முதல் ஆறுதல்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், 2009-ஆம் ஆண்டு ஒரு வார காலத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிய மூவர் அடுத்தடுத்து உயிரிழந்ததை அறிந்த துப்பாக்கி வியாபாரிகள், எந்தச் சட்டமும் நிர்ப்பந்திக்காமலே வைத்தியர்களோடு கூடிப் பேசி, மனக்கலக்கத்தோடு வரும் வாடிக்கையாளரை எப்படி இனங்காண்பது, எப்படி விற்பனையை நயமாகத் தள்ளிப்போடுவது என்று தமக்கே வழிகள் வகுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி வியாபாரியால் முடிந்தது நம் ஊர்க் கடைக்காரரால் முடியாதா? தெலுக் இந்தானிலும் லங்காப்பிலும் உத்தான் மெலிந்தாங்கிலும் வேளாண் மருந்து விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்தைக் கைக்கெட்டும் தட்டில் வைக்காதீர்கள். கண்ணாடி அலமாரிக்குள் வைத்துச் சாவியை உங்கள் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். தோட்டமே இல்லாத ஒருவர், பதறிய முகத்தோடு, எந்தப் புல்லுக்கு என்று சொல்லத் தெரியாமல் கேட்டால், 'சரக்கு நாளைக்கு வரும், உட்காருங்கள்' என்று சொல்லி ஒரு குவளைத் தேநீர் கொடுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டு எண்களை எழுதி ஒட்டிவையுங்கள். 1970 முதல் இந்நாட்டில் மனமுடைந்தோர் பேச்சைச் செவிமடுத்து வரும் பிஃபிரெண்டர்ஸ் ஸ்தாபனத்தின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவையின் எண் 15555.